மூன்றாம் படியில் சைக்காலஜி

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் நூலகத்தில் உட்கார்ந்து கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டேன்.

சுவரில் மாட்டியிருக்கும் விதிப்பலகையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். பேசக் கூடாது, புகைக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, குடையை உள்ளே கொண்டுவரக் கூடாது. சுண்டலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விதி எழுதியவருக்கு அந்த அளவுக்குக் கற்பனை ஓடியிருக்காது, பாவம்.

நவராத்திரி. நூலகத்தில் கொலு. எனக்கு எதிரில் தனலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கையில் தொன்னை. கல்லூரி விரிவுரையாளருக்கு உரிய மூக்குக் கண்ணாடி. அவளைப் பார்த்ததும் மூன்று வருடத்துக்கு முந்தைய கொலு ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொன்னால்தான் போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குப் புரியும்.

காஞ்சிபுரத்தில் பல்கலைக்கழகம் கிடையாது. பல்கலைக்கழக நூலகம் உண்டு. அது எப்படி என்கிறீர்களா?

சென்னையில் தலைமை நூலகத்தில் இடம் போதவில்லை. அலமாரி நிரம்பி, தாழ்வாரம் நிரம்பி, கடைசியில் மாடிப்படியிலும் புத்தகம் ஏறியதும் ஒரு குழு போட்டார்கள். யாரும் கேட்காத புத்தகங்களை வெளியூருக்கு அனுப்பிவிடலாம் என்று குழு முடிவு செய்தது. வெளியூர் என்றால் இங்கே. பட்டு வியாபாரி ஒருவர் காலி செய்த கிடங்கு — வாடகை குறைவு. கட்டடத்தில் இன்றைக்கும் பட்டு நூல் வாசனை அடிக்கிறது. அதன் மேல் அந்துருண்டை வாசனை.

யாரும் கேட்காத புத்தகங்கள் எவை? சைக்காலஜி.

லாரியிலிருந்து அவை இறங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். வெளிநாட்டுச் சஞ்சிகைகள், வருடவாரியாகச் சேர்த்து பைண்டு செய்தவை. அரக்கு நிறக் காலிகோ அட்டை. முதுகில் பொன்னெழுத்து. எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே கனம். இறக்கிய கூலியாள் ஒருவர் பொன்னெழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"அசல் ஜரிகைதானா சார் இது?"

இந்த ஊரில் அரக்கு நிறத்தையும் பொன்னையும் சேர்த்துப் பார்த்தால் வேறு எதைக் கேட்பார்கள்?

நூலகத்தில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். நூலகர் சதாசிவம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேரடிப் பக்கம் பகுத்தறிவுக் கூட்டத்தில் பேசுகிறவர். கடவுள் இல்லை என்பதை இரண்டு மணி நேரம் நிரூபிப்பார்; மழை வந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்வார். அவருக்கு எதிர் மேஜையில் டைப்பிஸ்ட் கனகவல்லி அம்மாள். வெள்ளி, செவ்வாய் கோயில் தவறியதில்லை. மூன்றாமவர் அட்டெண்டர் முனுசாமி. புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர், விளக்குப் போடுகிறவர், நூலகருக்கு டீயும் டைப்பிஸ்டுக்குப் பிரசாதமும் வாங்கி வருகிறவர்.

ஆத்திகரும் நாத்திகரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்களே, அடித்துக்கொள்ள மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஒருநாளும் இல்லை. அவர் எதிரில் அந்த அம்மாள் சுலோகம் முணுமுணுக்க மாட்டார். அந்த அம்மாள் எதிரில் அவர் புராணத்தைக் கிண்டல் செய்ய மாட்டார். ஒருவர் மனம் புண்படாமல் இன்னொருவர் நடந்துகொள்வதில் அப்படி ஒரு கவனம்.

இந்தக் கதையில் வில்லன் என்று யாராவது உண்டென்றால், அந்தக் கவனம்தான்.

கொலு எப்படி உள்ளே வந்தது? கனகவல்லி அம்மாள் குடியிருப்பது ஒரு சின்னப் போர்ஷன். பாய் விரித்தால் கதவு திறக்காது. தாய்வீட்டுச் சீதனமான பொம்மைகள் பரணில் முடங்கிக் கிடந்தன. ஒரு வருடம் ஏக்கத்தோடு அதைச் சொன்னார். சதாசிவம் மனம் இளகிவிட்டது.

"இங்கேயே வைங்களேன் அம்மா. கலைப்பொருள் கண்காட்சி என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை."

பொம்மை வந்துவிட்டது. படி? மரப்படி செய்ய நூலகத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. முனுசாமிதான் யோசித்தார். ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே கனத்தில் எந்தச் சாமான் இந்தக் கட்டடத்தில் நிறைய இருக்கிறது? வருடம் முழுக்க யாரும் தொடாத சாமான் எது?

ஐந்து படிகள். ஒவ்வொரு படியிலும் சஞ்சிகைகளை அடுக்கி, மேலே ஒரு பலகை. அதற்கு மேல் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த, நெசவில் பிசகிப்போன ஒரு பட்டுப் புடவை. வேறு ஊரில் வேட்டி விரிப்பார்கள். இங்கே கொலுவுக்கு வேட்டி விரித்தால் தெருவில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேல்படியில் கலசம். மூன்றாம் படியில் தசாவதாரம். கீழே செட்டியார் கடை. கலசம் வைத்துவிட்டால் விஜயதசமி வரைக்கும் கொலுவைக் கலைக்கக் கூடாது. அது உங்களுக்கே தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இந்த ஏற்பாட்டுக்கு நடுவில்தான் தனலட்சுமி வந்து சேர்ந்தாள்.

தாமல் கிராமத்துப் பெண். விவசாயக் குடும்பம். இங்கே பெண்கள் கல்லூரியில் தற்காலிக டியூட்டர். உளவியலில் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். குறித்த தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று கல்லூரி சொல்லியிருந்தது. வேறு ஆளும் தயாராக இருந்தார் — நிர்வாகி ஒருவருடைய மைத்துனர் மகள்.

ஆய்வேடு முடிந்துவிட்டது. டைப் அடித்தாகிவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு சோதனையைப் பற்றி அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தது. பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். மூலக் கட்டுரையைப் பார், முடிவை மூலத்தில் உள்ளபடியே எழுதிக்கொண்டு வா, அப்புறம் கையெழுத்து.

நியாயம்தான். மூலக் கட்டுரை எங்கே?

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி, சென்னையில் இறங்கி, தலைமை நூலகத்தில் கார்டு டிராயரை இழுத்து, ஒவ்வொரு கார்டாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் கிடைத்தது. கார்டின் மேல் ரப்பர் ஸ்டாம்பு: 'காஞ்சிபுரம் கிளைக்கு மாற்றப்பட்டது.'

அவள் பாடம் நடத்தும் கல்லூரிக்கு மூன்று தெரு தள்ளி!

மறுநாள் மத்தியானம் இங்கே வந்தாள். அதற்கு அடுத்த நாள் கடைசித் தேதி. பூஜை விடுமுறைக்குப் பல்கலைக்கழக அலுவலகம் மூடுவதற்கு முன்னால் கட்டு உள்ளே போக வேண்டும். நான் வழக்கம்போல் செய்தித்தாள் மேஜையில் இருந்தேன். முனுசாமியிடம் அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"சைக்காலஜி எந்தப் பக்கம்ங்க?"

"இன்னா சைக்காலஜிம்மா? மெஸ்மரிசமா? மாமியார வசியம் பண்றதுன்னு ஒண்ணு இருக்குது, அதுவா? அது ஸ்டாக்குல இல்ல. ரெண்டு மாசமா வெளிய சுத்திக்கினு இருக்குது."

"அது இல்லைங்க. ஜர்னல். பைண்டு வால்யூம். அரக்கு அட்டை போட்டது."

முனுசாமி தலையைச் சொறிந்தார்.

"அதுவா... அது வேலையில இருக்குதும்மா."

"வேலையிலயா? யாராச்சும் எடுத்துட்டுப் போயிருக்காங்களா?"

"யாரும் எடுத்துக்கினு போவல. இங்கதான் இருக்குது. மேல சாமி நிக்கிது."

தனலட்சுமி கொலுவைப் பார்த்தாள். பக்கவாட்டில் போய்க் குனிந்தாள். புடவைத் தலைப்பை லேசாக விலக்கிவிட்டு, கழுத்தைச் சாய்த்து, பொன்னெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். மூன்றாம் படிக்கு வந்ததும் அவள் கண் நின்றது. அடுக்கின் நடுவில் அவளுக்கு வேண்டிய வால்யூம். சரியாக நரசிம்மருக்கு நேர் கீழே.

அவளுடைய ஆய்வு எதைப் பற்றி என்று நான் இன்னும் சொல்லவில்லையே! கூட்டத்தில் இருக்கும்போது மனிதன் தன் மனத்தில் உள்ளதைச் சொல்கிறானா, மற்றவர்கள் சொல்வதைச் சொல்கிறானா — அதைப் பற்றி.

"இத எடுத்துக் குடுக்க முடியுமாங்க? நாளைக்குக் கடைசித் தேதி. என் வேலையே இதுலதான் இருக்கு."

"எனக்கின்னாம்மா? இழுத்துக் குடுத்துடுவேன்," என்றார் முனுசாமி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "டைப்பிஸ்டம்மாவுக்குத்தான் மனசு நோவும். பக்தி ஜாஸ்தி. அவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கோ."

கேட்டாள். கனகவல்லி அம்மாள் டைப் மெஷினில் இருந்து கையை எடுத்துவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டார்.

"எனக்கு என்னடிம்மா ஆட்சேபம்? படிக்கிற பொண்ணுக்குக் குடுக்கலைன்னா அப்புறம் சரஸ்வதிக்கு எதுக்குப் பூஜை? ஆனா சார் இருக்காரே... சாமி இல்லைங்கறவர். இந்த வருஷம்தான் மனசு வந்து சுண்டலுக்குக் கடலை வாங்கிக் குடுத்திருக்கார். நாமளே கொலுவக் கலைச்சா, 'உங்க பக்தி இவ்வளவுதானா அம்மா'ன்னு ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அத என்னால தாங்க முடியாது. அவரையே கேளு."

கேட்டாள். சதாசிவம் எழுந்து நின்று பதில் சொன்னார். மேடைப் பழக்கம்.

"தனிப்பட்ட முறையில் எனக்கு இது மண், சுண்ணாம்பு, வர்ணம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் யார் என்று ஊருக்கே தெரியும். நான் உத்தரவு போட்டால் என்ன சொல்வார்கள்? நாத்திகன், வேண்டுமென்றே கொலுவைக் கலைத்தான் என்பார்கள். ஊழியர் மனம் புண்பட நான் காரணமாக இருக்கலாமா? விஜயதசமி கழித்து வாருங்கள்."

பார்த்தீர்களா? சாமியை நம்புகிறவர், நம்புகிறவர் என்பதால் எடுக்க முடியாது. நம்பாதவர், நம்பாதவர் என்பதால் எடுக்க முடியாது. நடுவில் உள்ளவருக்கு இரண்டு பேரையும் பார்த்துப் பயம். மூன்று பேரில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. வால்யூம் மட்டும் வராது.

வேறு புத்தகத்தைச் சொருகிவிட்டு இதை உருவிவிடலாமே என்று நான் முனுசாமியிடம் தனியாகச் சொன்னேன்.

"அதெல்லாம் பாத்துட்டேன் சார். அந்த சைஸ் புக்கெல்லாம் படிக்குப் போயிடுச்சி. சட்டப் புக்கு ஒரு விரக்கடை ஒசரம். நரசிம்மர் சாஞ்சிடுவார். உக்கிர மூர்த்தி... எதுக்கு வம்பு?"

தனலட்சுமி அழவில்லை. அவளை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன் — தொழில் புத்தி. முப்பது வருடம் பத்திரிகையில் உட்கார்ந்தவனுக்கு அடுத்தவர் கஷ்டத்தில் முதலில் தெரிவது தலைப்புதான். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொலுவுக்கு எதிரே பெஞ்சியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

சாயந்திரம் தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஏழெட்டுப் பேர். முனுசாமி விளக்குப் போட்டார். ஊதுவத்திப் புகை 'புகைக்கக் கூடாது' பலகையைத் தாண்டி மேலே போயிற்று. எல்லோரும் தரையில் உட்கார்ந்தபின் தனலட்சுமி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம். மூணாம் படியில ஒரு புஸ்தகம் இருக்கு. அதுல மூணு பக்கம் நான் படிச்சாகணும். இல்லைன்னா நாளையோட என் வேலை போயிடும். மத்தியானம் இவங்க மூணு பேரையும் தனித்தனியாக் கேட்டேன். மூணு பேருமே ஆட்சேபம் இல்லைன்னாங்க. இப்ப எடுத்துக்கலாமா?"

இதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

"அது எப்பிடிம்மா?" என்றார் முனுசாமி.

"கலசம் வெச்ச அப்புறம் எப்படிடிம்மா?" என்றார் கனகவல்லி அம்மாள்.

"சம்பிரதாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?" என்றார் பகுத்தறிவாளர் சதாசிவம்!

வந்திருந்த பெண்களும் தலையாட்டினார்கள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவள் ஆட்டினாள், அவ்வளவுதான்.

நானாவது ஏதாவது சொன்னேனா? எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் வெறும் வாசகன். செய்தித்தாள் படிக்க வருகிறவன் கொலு விஷயத்தில் தலையிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்... உங்களுக்குப் புரியும்.

சங்கடத்தைத் தீர்க்கக் கனகவல்லி அம்மாள் பேச்சை மாற்றினார்.

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். கொலுவுக்கு வந்த பொண்ணு சும்மா நிக்கக் கூடாது. ஒரு பாட்டுப் பாடு, கேட்போம். பாடினாத்தான் சுண்டல்."

கொலு வழக்கம்தானே. எல்லாப் பெண்களும் ஒரே குரலில், "பாடும்மா, பாடு" என்றார்கள்.

தனலட்சுமி நரசிம்மரை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்குப் பாட வராதுங்க."

"தெரிஞ்சத பாடு. தாமல்ல யாரும் பாடவே மாட்டாங்களா?"

"நான் வாயத் தொறந்தா ஏரிக்கரையில மேயற மாடெல்லாம் வீட்டுக்குத் திரும்பிடும். எனக்குப் படிக்கத்தான் வரும். பாட்டுக்குப் பதிலா சாமி முன்னாடி மூணு பக்கம் படிக்கறேன். படிக்கட்டுமா?"

"படியேன்," என்றார் கனகவல்லி அம்மாள், சிக்கிக்கொண்டது தெரியாமல்.

"புஸ்தகம் மூணாம் படியில இருக்கு."

முனுசாமி டைப்பிஸ்டைப் பார்த்தார். டைப்பிஸ்ட் நூலகரைப் பார்த்தார். நூலகர் விதிப்பலகையைப் பார்த்தார்.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல். எதிர்வீட்டு ராஜம்மா. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ், இரண்டிலும் உரத்த குரல்.

"இன்னாங்கடி இது, ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்துக்கினு? சரஸ்வதி ஒரு கையில வீணைய வெச்சிருக்குது, ஒரு கையில புஸ்தகத்த வெச்சிருக்குது. ஒருத்தி பாடட்டும், ஒருத்தி படிக்கட்டும். நான் அடுப்புல ஒலை வெச்சிட்டு வந்திருக்கிறேன். சீக்கிரம் எடுத்துக் குடுங்கப்பா, சுண்டல வாங்கிக்கினு போவணும்!"

அவ்வளவுதான்.

"அதத்தான் நான் மத்தியானமே சொன்னேன்," என்றார் முனுசாமி.

"நான் எப்ப வேணாம்னேன்? பொண்ணே, நான் வேணாம்னா சொன்னேன்?" என்றார் கனகவல்லி அம்மாள்.

"வாசிப்புக்கு நூலகம் என்றுமே தடையாக இருந்ததில்லை," என்றார் சதாசிவம்.

பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இனி வேலை நடக்க வேண்டும். வால்யூமை உருவினால் பலகை ஒரு பக்கம் சரியும், தசாவதாரமும் சரியும். மாற்றுப் புத்தகம் இல்லை. யாராவது பலகையைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அவள் படித்து முடிக்கிற வரைக்கும். முனுசாமி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். மறுபக்கம்? ஆண்களில் நானும் சதாசிவமும்தான் பாக்கி. எனக்குச் சுருக்கெழுத்து தெரியும். மூலத்தில் உள்ளதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொள்ள நான்தான் வேண்டும் என்று தனலட்சுமி சொல்லிவிட்டாள். பத்திரிகை வேலையால் என் முழங்கால் தப்பித்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

ஆகவே சதாசிவம் மண்டியிட்டார். தேரடியில் எத்தனை ஞாயிறு முழங்கியவர்! கொலுவுக்கு முன்னால், இரண்டு கையையும் மேலே ஏந்தி, பத்து அவதாரங்களையும் தாங்கிக்கொண்டு மண்டியிட்டார்.

"சாருக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு பக்தி, பாத்தியா?" என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள். அவர் காதில் விழுந்தது. மறுக்க வாய் திறந்தார்; பலகை ஆடியது; மூடிக்கொண்டார்.

தனலட்சுமி சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்தாள். இங்கிலீஷ். நான் எழுதினேன். பெண்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். 'மெஜாரிட்டி' என்ற வார்த்தை வந்தபோது மட்டும் ஒருத்தி கண்ணைத் திறந்து, "எலெக்ஷன் சமாசாரம் போல இருக்குது," என்றாள். மற்றபடி புரியாத மந்திரத்துக்கு உண்டான மரியாதை குறைவில்லாமல் கிடைத்தது.

"கொஞ்சம் சீக்கிரம் அம்மா," என்றார் சதாசிவம், பல்லைக் கடித்துக்கொண்டு. "கை மரத்துப்போகிறது."

இரண்டாம் பக்கத்தின் பாதியில் அவள் நின்றுவிட்டாள். முந்தின வாக்கியத்துக்குத் திரும்பிப் போனாள். மறுபடி படித்தாள், இந்த முறை மெதுவாக.

பேராசிரியர் போட்ட சிவப்புக் கோடு சரிதான். பாடப்புத்தகம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் தப்பைச் சரி என்று சொன்னால், நடுவில் மாட்டிக்கொண்டவனும் பல சமயம் சரி என்றே சொல்கிறான் — இது அவள் ஏற்கனவே எழுதியது. விட்டுப்போன பாதி என்ன? அந்த அறையில் யாராவது ஒருவர் மாற்றிச் சொல்லிவிட்டால் போதும்; அவனுக்கும் வாய் திறந்துவிடுகிறது.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் பின்வரிசையைப் பார்த்தேன். ராஜம்மா சுண்டல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பக்கமும் முடிந்தன. வால்யூம் திரும்பப் போயிற்று. நரசிம்மர் நிமிர்ந்தார். சதாசிவமும் நிமிர்ந்தார் — முனுசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு. கனகவல்லி அம்மாள் கற்பூரம் காட்டி, தட்டோடு நேராக அவரிடம் வந்துவிட்டார். அவருக்குக் கை இரண்டும் மரத்திருந்ததால் தட்டைத் தள்ளவும் முடியவில்லை, ஒற்றிக்கொள்ளவும் முடியவில்லை. இரு தரப்பும் அதைச் சாதகமாக எடுத்துக்கொண்டன.

அன்று கொலுவுக்கு வந்த கூட்டம் கலைந்த கையோடு அதே அறையில் நான் சுருக்கெழுத்தை வாசிக்க, கனகவல்லி அம்மாள் டைப் அடித்தார். இரண்டு பக்கம் போய் மூன்று பக்கம் வந்தது. காலை முதல் பஸ்ஸில் தனலட்சுமி போனாள். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அலுவலகம் மூடுவதற்குள் கட்டு உள்ளே போய்விட்டது. நிர்வாகியின் மைத்துனர் மகள் இப்போது வங்கியில் இருப்பதாகக் கேள்வி, நல்லபடியாக இருக்கட்டும்.

இனி போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அதே கொலு. அதே பட்டுப் புடவை. பக்கத்துக் கடைக்காரர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. தனலட்சுமி மூன்று வருடமாக ஒரு கொலுவையும் தவறவிட்டதில்லை. அவளும் கனகவல்லி அம்மாளும் இப்போது அம்மா, மகள் மாதிரி. அவள்தான் தசாவதாரத்துக்குத் தூசி தட்டுகிறாள், படிக்குப் புடவை மடிக்கிறாள்.

பாட்டு முடிந்து சுண்டல் வழங்கும் நேரத்தில் பெல்பாட்டம் போட்ட ஓர் இளைஞன் உள்ளே வந்தான். செவிலிமேட்டில் இருந்து சைக்கிளில் வந்திருக்கிறான். ஆராய்ச்சி மாணவன். முனுசாமியிடம் ஒரு சீட்டை நீட்டினான்.

"இந்தத் தீசிஸ் இங்கதான் இருக்குன்னு மெட்ராஸ்ல சொன்னாங்க. அவசரமா வேணும்ங்க. திங்கக்கிழமை என் கைடு கேட்பாரு. இல்லைன்னா ஸ்காலர்ஷிப்ப நிறுத்திடுவாங்க."

முனுசாமி சீட்டை வாங்கிப் படித்தார். கொலுவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இது வேலையில இருக்குதேப்பா..."

எழுந்து போய் நானும் அந்தச் சீட்டைப் பார்த்தேன். பிறகு பக்கவாட்டில் குனிந்து புடவையை விலக்கிப் பார்த்தேன். இரண்டாம் படியில், அடுக்கின் நடுவில், மற்றவற்றின் உயரத்திலேயே அரக்கு நிறக் காலிகோ அட்டை. முதுகில் பொன்னெழுத்து: 'கூட்டத்தில் தனி மனிதன்'. கீழே, க. தனலட்சுமி.

யாரும் கேட்காத புத்தகங்களை வெளியூருக்கு அனுப்பும் குழு சென்னையில் இன்னும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது போலும்.

இளைஞனுக்கு அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். ஆய்வேட்டை எழுதியவளே அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் அந்தத் துயரத்தைப் பட்டு எழுந்தவள்! அவளைக் காட்டினேன். அவன் ஓடிப்போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான்.

தனலட்சுமி தொன்னையைக் கீழே வைத்தாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு என்ன தம்பி ஆட்சேபம்? தாராளமா எடுத்துக்கலாம். ஆனா கனகவல்லி அம்மா மனசு நோகுமேன்னுதான் பாக்கறேன்..."

ராஜம்மா இந்த வருடம் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாராம்.

நான் பென்சிலைச் சீவிக்கொண்டே அந்தப் பையனைக் கேட்டேன்: "தம்பி, உனக்குப் பாட வருமா?"